இன்னொரு கை

எழுபத்தைந்து கிலோ நெல் மூட்டையைத் தரையிலிருந்து ஒருவனால் தனியாகத் தன் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருவன் நின்று தூக்கிவிட வேண்டும். இடுப்புக்கு மேல் வந்ததும் சுமக்கிறவன் குனிந்து தலையைக் கொடுப்பான். சீவலப்பேரி சாலையில் இருந்த அரிசி ஆலையில் எஸ்றாவுக்குப் பதினோரு வருடமாகத் தூக்கிவிட்டவர் அவன் அப்பா தானியேல். முழங்கால் மூட்டு தேய்ந்ததிலிருந்து அவர் சுமப்பதில்லை. மகனுக்குத் தூக்கிவிடுவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிடும்போது, அம்மா டெபோரா களக்காட்டில் ஒரு பெண் இருப்பதாகச் சொன்னாள். எஸ்றா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான்.

"எனக்குப் பொம்பளப் பிள்ளைங்க மேல ஆசை வராதும்மா. நானும் தாஜ் முகம்மதும் அஞ்சு வருசமா சேந்துதான் இருக்கோம். ஒரு பிள்ளைய ஏமாத்திக் கல்யாணம் கெட்ட முடியாது."

அப்பா சோற்றை முடித்தார். கை கழுவினார். "இவன வெளிய போவச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதுகொண்டே அவன் துணிகளை யூரியாச் சாக்கில் திணித்து வாசலில் வைத்தாள்.

எஸ்றா சாக்கோடு பாளையங்கோட்டையில் தாஜ் இருந்த மாடி அறைக்குப் போனான். தாஜுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. அவனுடைய அம்மா ஆபிதா பீவி, விஷயம் தெரிந்ததிலிருந்து மகன் துபாயில் இருப்பதாக மேலப்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதனால் நாலு கிலோமீட்டரில் இருக்கும் சொந்தத் தெருவுக்கு அவன் போக முடியாது.

"நோன்புப் பெருநாளைக்கு நான் துபாயிலேருந்து பேசுன மாதிரி பேசணும்னாங்க. அங்க வெயிலான்னு பக்கத்துல இருக்கவங்க கேக்காங்க. ஆமா, சரியான வெயிலுன்னேன்" என்று தாஜ் சிரித்தான். பிறகு, "அந்த ஆலைக்குப் போவாதடா. கங்கைகொண்டான் கம்பெனில ஆள் எடுக்காங்க. உங்கப்பா இனி ஒன் மூட்டைக்குக் கை போட மாட்டாரு" என்றான்.

"ஒரு மூட்டை தூக்கிவிட்டாருன்னா போதும். பேச்செல்லாம் பெறவு பாத்துக்கிடலாம்."

திங்கட்கிழமை அவன் சமாளித்தான். மூட்டைகளை அடுக்கிய அட்டி, ஆள் உயரம் இருந்தது. அடுக்கின் மேலிருந்து மூட்டையைத் தோளுக்கு இழுத்துக்கொள்ள யாரும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை அட்டி மார்புக்கு இறங்கியது. புதன்கிழமை இடுப்புக்கு. அப்பா அடுத்த அட்டியில் வேறு ஆட்களுக்குத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் நடந்தது ஆலை முழுக்கத் தெரிந்திருந்தது. எஸ்றா யாரிடம் போய் நின்றாலும் அந்த ஆள் பீடி பற்ற வைத்தான்.

"பெத்த அப்பனே போடாத கைய நாங்க எப்படிலே போட?" என்றார் சுமையாட்களை வேலைக்கு அனுப்பும் மேஸ்திரி கணேஷ்ராம்.

"நீரு சொன்னா போடுவாங்க அண்ணாச்சி."

"ஒன் ஆளக் கூட்டிட்டு வாயேன். அவன் நல்லாத் தூக்கிவிடுவான்லா."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா தலை நிமிரவில்லை. கணேஷ்ராம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பைய அவன் பக்கத்தில் வந்தார். "நாளைக்கு அட்டி தரையோட வந்துரும். தூக்கிவிட ஆளு இல்லாதவன வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? நாளைக்குள்ள உங்கப்பனச் சரிக்கட்டு. இல்லாட்டி நீயே போயிரு."

வியாழக்கிழமை முழங்கால் உயரத்துக்கு ஒரே வரிசை மிஞ்சியது. லாரி, ஏறுவதற்குப் பலகை சாத்தி நின்றது. எஸ்றா முதல் மூட்டையைத் தொடைமேல் உருட்டி ஏற்றினான். வயிற்றுக்கு மேல் ஏறவில்லை. சரிந்து விழுந்தது. இரண்டாம் முறை இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. மூன்றாம் முறை மூட்டையோடு அவனும் விழுந்தான். யாரோ சீட்டியடித்தார்கள்.

அப்பா அடுத்த அட்டியிலிருந்து நடந்து வந்தார். எஸ்றா எழுந்தான். அவர் குனிந்து மூட்டை வாய்ப்பக்கத்து இரண்டு காதையும் பிடித்தார். எஸ்றா "யப்பா" என்றான். மறுமுனையைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"கணேஷ்ராமு, இங்கன வந்து ஒரு கை போடும்வே" என்றார் தானியேல்.

"யாருக்குவே?"

"எனக்குத்தான். இவன் பங்கையும் நானே சுமக்குதேன். இவன போவச் சொல்லும்."

"ஒம்ம காலு தாங்குமாவே?"

"தாங்குறது எம் பாடு. நீரு போடும்."

கணேஷ்ராம் வந்தார். எஸ்றாவை விலக்கிவிட்டு மறுமுனையைப் பிடித்தார். மூட்டை அப்பாவின் தலைக்கு ஏறியது. கழுத்து நரம்பு புடைக்க அவர் பலகையில் கால் வைத்தார். பாதிப் பலகையில் வலது முழங்கால் வெடவெடவென்று ஆடியது. எஸ்றா ஓடிப்போய் அவர் முதுகில் கை கொடுத்தான்.

"தொடாத" என்றார். அந்த நான்கு நாளில் அவனிடம் சொன்ன ஒரே சொல் அது.

கையை எடுத்தான். அவர் ஏறி, மூட்டையை இறக்கி, லாரியின் ஓரத்தைப் பிடித்து மூச்சு வாங்கினார். நாற்பது மூட்டைக்கு மேல் பாக்கி இருந்தது.

"நிக்காதலே, போயிரு. நீ நிக்க நிக்க அவரு சுமந்துக்கிட்டே இருப்பாரு" என்றார் கணேஷ்ராம்.

எஸ்றா போனாலும் அவர்தான் சுமக்க வேண்டும். அது கணேஷ்ராமுக்கும் தெரியும். அப்பா காலைத் தேய்த்துத் தேய்த்துப் பலகையில் இறங்கி வந்தார். அவர் நடக்கிற வழியில் நின்றுகொண்டிருந்த எஸ்றா ஒதுங்கினான். அவர் அவனைக் கடந்துபோய் அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.