ஆதிகேசவனின் பாடு

துணியை விலக்கியதும் திரௌபதி முதலில் பார்த்தது இடது கால் பெருவிரலை. அதில் நகமில்லை. போன தை மாதம் நங்கூரம் விழுந்து பிய்ந்துபோன நகம். அவள்தான் மஞ்சள் பற்றுப் போட்டாள். முகம் பார்க்கும்படியாக இல்லை. பதினோரு நாளைக்கு முன் தனியாகக் கடலுக்குப் போன புருஷன், எளாவூர் எல்லை தாண்டி, தெலுங்கு ஊர் ஆஸ்பத்திரியில் பிணமாகக் கிடந்தான்.

"உங்க ஆளாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

குப்பத்தை ஒட்டி, கடலோடு சேரும் ஏரி எல்லோருக்கும் பொது என்பார்கள். குப்பத்தில் அந்தப் பொதுவைப் பிரித்துக்கொள்ள ஒரு முறை உண்டு. கல்யாணமான ஆம்பிளை ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு. யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டில் விழும். அதற்குப் பெயர் பாடு. ஆள் படுத்துக்கிடந்தாலும் காணாமலே போனாலும் பாடு உண்டு, வேறு ஆளை வைத்து வலை கட்டிப் பாதி வாங்கிக்கொள்ளலாம். செத்தால் பெயரை அடித்துவிடுவார்கள். பெண்டாட்டி கணக்கில் வரமாட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் நாளெல்லாம் கையால் தடவி இறால் பிடிக்கிறவளுக்கு அந்த ஏரியில் ஒரு முழம் கிடையாதாம். நல்ல நியாயம்! மறுநாள் சீட்டு. வீட்டில் பத்து வயதுப் பெண் ஐஸ்வர்யா.

"இவரு இல்ல சார்."

"நல்லா பாரும்மா. யாரும் வரலன்னா நாங்களே பொதைச்சிடுவோம்."

"பதினாலு வருசம் குடும்பம் பண்ணவளுக்குத் தெரியாதா? இது யாரோ."

பஸ்ஸில் எளாவூர் வரும்வரை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அவனை அநாதையாக்கிவிட்டு வருகிறோமே என்று நெஞ்சு வெந்தது. அதன்பின் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இனி ஊர்க்காரர்கள் ஏறுவார்கள்.

காலையில் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கினார்கள்.

"நேத்து போனியே, இன்னா ஆச்சு?" என்றார் ஊர்த்தலைவர்.

"அது அவரு இல்லண்ணா."

"அப்பாடா! ஆதிகேசவன் பேரு இருக்கட்டும்பா. ஐஸ்வர்யா, நீயே எடும்மா."

ஐஸ்வர்யா எடுத்தாள். முகத்துவாரத்துப் பாடு. இறால் அள்ளுகிற இடம், எல்லோரும் வேண்டிக்கொண்டு நின்ற இடம்.

"யம்மா! நைனாவுக்கு முகத்துவாரம் வுழுந்துச்சு!" பெண் குதித்தாள். "நைனா வந்தா எம்மா குஷியாவும்!"

கூட்டம் சிரித்தது. "வந்துருவாம்மா, வந்துருவான்" என்றார் தலைவர். பாடு விழுந்தவன் ஊரில் இல்லாவிட்டால் அவன் பெண்டாட்டி பொட்டு வைத்துக்கொண்டுதான் சீட்டை வாங்க வேண்டும். அவர் குங்குமத் தட்டை நீட்டினார். மகள் அண்ணாந்து பார்த்தபடி நிற்க, திரௌபதி ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பெரிதாக வைத்துக்கொண்டாள்.