கல் மிதந்த குளம்

1937ஆம் ஆண்டு, தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் பாறையடிக்குளத்து மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் களிமண் அடியில் போய் அமர்ந்தது; சரளைக்கல் மேலே மிதந்தது. முந்தின ஐப்பசி மழையில் குளத்தங்கரை உடைந்திருந்தது. புதுக்கரைக்கு அந்த மண் ஆகுமா என்று பார்க்க வந்த ஓவர்சியர் ஞானதுரை, மண்ணைக் காயவைத்துச் சல்லடைகளில் சலித்தார். கல் தனியாக, மணல் தனியாகப் பிரிந்தது. அதுவரை குறையில்லை. சலித்ததையெல்லாம் கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வைத்தபோதுதான், பெரியது முதலில் இறங்கும் என்று அவர் படித்தது தலைகீழானது. ஜாடியை மாற்றினார். அருவித் தண்ணீரில் கரைத்தார், கிணற்றுத் தண்ணீரில் கரைத்தார். கல் மிதந்தது.

உள்ளபடியே எழுதி அனுப்பினார். மறுபடி சோதிக்கவும் என்று மேலே இருந்த எஞ்சினியர் திருப்பினார். சாரல் தொடங்கி ஓய்கிறவரை இதே பதில்தான். பொறுக்கமாட்டாமல் ஊர்க்காரர்களே அந்த மண்ணை வெட்டிப்போட்டு உடைப்பை அடைத்தார்கள். ஆவணியில் பெய்த ஒரு மழையில் கரைக்குள்ளிருந்த கற்கள் ஒவ்வொன்றாக மேலேறி வெளியே வந்துவிட்டன. அவை இருந்த இடமெல்லாம் பொத்தலாகிக் கரை மறுபடி சரிந்தது.

குளத்தடியில் வயல் வைத்திருந்த சொக்கம்மாள் ஞானதுரையின் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“கல்லு மெதந்தா என்ன, முங்குனா என்ன ஓவர்சியரய்யா? கார் நெல்லு போச்சு. அடுத்த பிசான வெள்ளாமையும் போனா பிள்ளைகளுக்கு எதக் குடுப்பேன்?”

“நான் என்னம்மா செய்ய? உள்ளதச் சொன்னா நம்ப மாட்டேங்காவ.”

“அப்ப இல்லாததச் சொல்லுங்க.”

கல் முதலில் இறங்கியது, களி கடைசியில் இறங்கியது என்று ஞானதுரை கை கூச எழுதினார். அந்த வாரமே கரை கட்ட உத்தரவு வந்தது. சோதனை திருத்தமாக இருப்பதாக எஞ்சினியர் ஒரு வரி பாராட்டும் சேர்த்திருந்தார். ஞானதுரை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

குழிகளில் மண்ணைக் கரைத்து, மிதந்த கற்களைப் பெண்கள் சுளகால் அள்ளிக் குளத்துக்குள் கொட்டினார்கள். மிஞ்சிய களியோடு, ஒழுங்காக மூழ்கும் சிற்றாற்றுச் சரளையையும் மணலையும் ஞானதுரை கலக்கச் சொன்னார். சரளையின் இடுக்கில் மணலும், மணலின் இடுக்கில் களியும் போய் இறுகின. கரை நின்றது.

கார்த்திகையில் குளம் பெருகியது. எஞ்சினியர் காரில் பார்வையிட வந்தார். தண்ணீரே தெரியாதபடி கற்கள் மிதந்துகொண்டிருந்தன. இப்போதாவது கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று ஞானதுரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எஞ்சினியர் கைத்தடியால் கற்களை ஒதுக்கி, மடைக்கல்லில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

“கரை நல்லா நிக்குது” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

சொக்கம்மாள் கற்களை இரண்டு பக்கமும் தள்ளிவிட்டுக் குடத்தை முக்கினாள்.