வெறும் பாக்கு

எழுபத்தெட்டாம் வருஷத்தில் நான் செய்த புத்திசாலித்தனம் இது. என் மனைவி குணசுந்தரி வாயிலிருந்து வெற்றிலைச் சாறு ஒரு துளி, நாங்கள் நெய்த முகூர்த்தப் புடவை ஒன்றின் முந்தானையில் தெறித்துவிட்டது. முதலாளி சுப்பராயலு பத்துப் பேர் நடுவில் புடவையை விரித்துக் காட்டி என் மானத்தை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குச் சட்டம் போட்டேன். தறியில் உட்கார்ந்தால் வெற்றிலை கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. வெறும் பாக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும், சாற்றைத் துப்பாமல் விழுங்கிவிட வேண்டும்.

தறியில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே விடுவாள். பசி தெரியாமல் வேலை ஓட அந்தப் பாக்குதான். தெருமுனைப் பழனி கடையில் நானே பொட்டலம் பொட்டலமாக வாங்கிவந்து போட்டேன். ஏழு வருஷம் எங்கள் புடவையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. முதலாளி மற்ற நெசவாளர்களுக்கு எங்களை உதாரணம் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அவளுக்குக் காரம் ஆகாமல் போயிற்று. மிளகாய் பட்டாலே வாய் எரிகிறது என்றாள். மகாராணிக்கு ருசி மாறிவிட்டதா என்று கேலி செய்தேன். கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைத்தது. மூன்று விரல் நுழைந்த வாயில் ஒன்றரை விரல்கூட நுழையாமல் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. மெட்ராசுக்கு அழைத்துப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கன்னத்திலிருந்து துளி சதை எடுத்துச் சோதித்தார். மறுவாரம் போனபோது பொறுமையாக விளக்கினார். பாக்குச் சாறு ஊறி ஊறி கன்னம் புண்ணாகிறது. புண் என்றால் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் காவலுக்கு ஓடிவரும். ஆற்றச் சொல்லி அங்குள்ள சதையை ஏவும், சதை நாரைப் போட்டு மூடும். ஆறியதும் காவல் கலைந்துவிடும். இவள் வாயில் தினமும் புது எரிச்சல். அதனால் காவலும் கலையவில்லை, நார் போடுவதும் நிற்கவில்லை. வெற்றிலையோடு போட்டாலும் பாக்கு கெடுதல்தானாம். நாள் முழுக்க அடக்கிவைத்தது நோயைச் சீக்கிரம் கொண்டுவந்துவிட்டதாம். காப்பாற்ற வந்ததே வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

"வாரம் ஒரு ஊசி, கன்னத்துலயே போடணும். அந்த அணுக்கள் அடங்கும், புதுசா நார் வராது. போட்ட நார் முழுசா கரையாதுங்க. பாக்கை இன்னிக்கே விடணும், ஊசியையும் இன்னிக்கே ஆரம்பிக்கணும்," என்றார்.

கார்த்திகை முகூர்த்தத்துக்கு நான்கு புடவை தறியில் காத்திருந்தது. அது முடியட்டும், வருகிறோம் என்று நான் சொன்னேன். குணசுந்தரி என்னைப் பார்த்தாள்.

பத்து நாள் பாக்கு இல்லாமல் இருந்தாள். தலை வலித்தது, நாடா தவறித் தவறி விழுந்தது. கெடு நெருங்கியது. நான் பழனி கடைக்குப் போனேன். இந்த ஒரு புடவை முடியும்வரைதான் என்று சொல்லி நானே அவள் கையில் வைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. அடுத்த மூன்று புடவைக்கும் அப்படியே சொன்னேன்.

நான்காவது புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்கிய அன்று, வழக்கம்போல் பொட்டலத்தை நீட்டினேன். ஒரு துண்டை எடுத்தாள். விரலால் உதட்டை ஒதுக்கி, பல்லிடுக்கில் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அதை என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இனிமே வாங்கியாராத மாமா. பாக்குகூட உள்ள போவல," என்றாள்.