நடுத்தட்டு

பிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்துத் திருப்பிய, பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்கார சஜி, இடுப்பிலிருந்து கட்டரை எடுத்தான். "கம்ப்ரஸர் மட்டும் எடுத்தா போதும் அம்மா. பைப்பை முறிச்சா அஞ்சு மினிட். தீர்ந்நு."

"உள்ள இருக்க காஸ் எங்க போவும்?" என்றாள் வடிவாம்பாள்.

"ஆகாசத்துக்கு. பின்ன எங்க?"

"ஆகாசம் உங்கப்பன் வச்சிட்டுப் போன சொத்தாடே?"

கரமனையில் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்ட வீடு அது. கிணற்றடிவரை பிரித்தார்கள். பிரிட்ஜ் ஒன்றுதான் இருந்தது. அதை அறுக்கவா முடியும்? இரண்டு அடுக்களைக்கும் நடுவே இடைகழியில் நிறுத்தினார்கள். மேல்தட்டு அண்ணன் மனைவி வடிவாம்பாளுக்கு, கீழ்த்தட்டு தம்பி மனைவி பகவதிக்கு. நடுத்தட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றோடு அந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சும் நின்றது. அண்ணன் போனார், தம்பியும் போனார், பேச்சு திரும்பவில்லை.

ஆனால் பிள்ளைகளே, நடுத்தட்டில் ஒருநாள் பகவதியின் கிண்ணத்தில் உள்ளித் தீயல் குழம்பு இருந்தது. வடிவாம்பாள் எடுத்துச் சாப்பிட்டாள். பிறத்தியார் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரலாகுமா? மோர் ஊற்றி வைத்தாள். அப்படியே போயின வருஷங்கள். கிண்ணம் இடம் மாறியிருந்தால் அடுத்தவள் எழுந்து நடமாடுகிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான் இருவருக்குள்ளும் மிச்சம்.

பிரிட்ஜ் நின்றுபோனது. பார்க்க வந்தவன் இனி ஓடாது என்று சொல்லிவிட்டான். கால்வலியோடு வடிவாம்பாள்தான் சஜியைக் கூப்பிட்டாள். பகவதியின் கிண்ணம் இப்போது கழுவி வடிவாம்பாளின் அடுக்களையில் கவிழ்ந்திருந்தது. அதை இனி எங்கே வைப்பது என்று நினைத்தபோது அவளுக்கு அசதியாக வந்தது.

எதிர் அடுக்களை வாசலிலிருந்து பகவதி சஜியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த அம்மாகிட்ட சொல்லு, பைப்பை முறிக்காண்டாம்னு. கோர்ப்பரேஷன் குப்பை எடுக்குற ஹரித கர்ம சேனைக்கு நான் போன் பண்ணியாச்சு. நாளைக்கு வண்டி வரும்."

"அவங்க மட்டும் முறிக்க மாட்டாங்களான்னு கேளு சஜி."

"கொண்டுபோய் மெஷின் வச்சு காஸை உறிஞ்சி எடுப்பாங்களாம்னு சொல்லு."

"ரெண்டு அம்மச்சியும் கையெட்டுற தூரத்துல நிக்குறீங்க, என்னை எந்தினு போஸ்ட்மேன் ஆக்குறீங்க?" சஜி கட்டரைச் செருகிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சேனையின் பச்சைக் கோட்டுப் பெண்கள் வந்தார்கள். வழியில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் கயிறு எடுத்தார்கள். "ஒரு நிமிஷம்" என்ற பகவதி, முந்தானையால் நடுத்தட்டைத் துடைத்தாள். போகிற பெட்டிக்கு எதற்கு என்று ஒருத்தி சிரித்தாள். வடிவாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் பகவதியின் கிண்ணத்தில் அவள் மோர் ஊற்றிக்கொண்டு இடைகழிக்கு வந்தாள். பழக்கத்தில் கை கதவைத் தேடி நீண்டது. பிரிட்ஜ் நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாகச் சதுரமாகத் தெரிந்தது. ஒரு தட்டில் எறும்பு ஏறாதிருக்கத் தண்ணீர் விட்டு, அதன் நடுவே கிண்ணத்தை வைத்து மூடினாள். திரும்பி நடக்க முட்டு ஒத்துழைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

எதிர் அடுக்களையில் தாளிக்கும் சத்தம். இங்கே சொல்லி அனுப்ப யாருமில்லை.

"மோர் இருக்கு," என்றாள் எதிர்ச்சுவரைப் பார்த்து. "வெளிய இருந்தா புளிச்சுப் போவும்."

தாளிப்புச் சத்தம் நின்றது. காலடி அதிர்வில் தட்டிலிருந்த தண்ணீர் லேசாக அசைந்தது.