மெருகு போடாத கேமரா

நான் சேலை வியாபாரி. எதையும் அளந்துதான் பேசுவேன். பிரிக்பீல்ட்ஸில் என் கடைக்கு நேர் மேலே குடியிருக்கும் ஸ்டானிஸ்லாஸ், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்கு மாறுவதைப் பார்க்காமல் அவர் கண்ணுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மங்கி மங்கிப் பிரகாசிக்கும் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டார். திருவோணத்துக்குப் பக்கத்தில் எட்டா என்று ஒன்று அப்படி இருக்கிறதாம்.

எங்கள் தெரு வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்கு அது தெரியாது. இங்கே சேவல்களே இரவு பகல் தெரியாமல் கூவித் தொண்டை கட்டி, இப்போது தலையை மட்டும் ஆட்டுகின்றன. ஆகவே கேமரா தேவை. அவர் மனைவி கெர்ட்ரூட் நிபந்தனை போட்டார்: ஒரே கேமரா. ஞாயிறு பூசைக்குப் போவதற்குள் நட்சத்திரம் மங்குவதைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பால்கனியில் அவருடைய ஆர்க்கிட் தொட்டிகள் குடியேறும்.

செவ்வாயன்று மூவரும் கேமரா கடைக்குப் போனோம். கடைக்கார ரிஷி புதுசு ஒன்றை எடுத்தார். அடுத்த ஊர் கிள்ளானில் உட்கார்ந்திருக்கும் கொசு காலையில் சவரம் செய்ததா என்று இங்கிருந்தே சொல்லும். அதில் கெர்ட்ரூடைப் படம் எடுத்துக் காட்டினார். முப்பது வயதுக்கு மேல் மதிக்க முடியாது. இதையே வாங்கலாம் என்றார் கெர்ட்ரூட்.

எனக்குக் கடை விளக்கில் நம்பிக்கை கிடையாது. சேலையென்றால் வாசலுக்குக் கொண்டுபோய், இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துத்தான் நிறம் பார்ப்போம். யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமரா ஒன்றையும் எடுத்துக்கொண்டு, கெர்ட்ரூடை வாசலில் நிறுத்தினேன். புதுசில் அதே முப்பது. பின்னால் நின்ற லோரிகூடப் புதுசாகியிருந்தது. பழையதில் கெர்ட்ரூட் கெர்ட்ரூடாகவே இருந்தார். லோரியின் துருவும் இருந்தது.

புதுசில் மெருகு போடுவதை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். ரிஷி தேடிப் பார்த்தார். ‘அழகு’, ‘அதிக அழகு’ என்று இரண்டே வழி.

“இது மங்குறதையெல்லாம் மறைச்சிடும்லா, கெர்ட்ரூட்,” என்றார் ஸ்டானிஸ்லாஸ். “எனக்கு மங்குறதுதான் வேணும்.”

“யாரு மங்குறது?”

சிக்னலில் சிவப்பு விளக்கைக் கண்டதுபோல ஸ்டானிஸ்லாஸ் அப்படியே நின்றுவிட்டார். நட்சத்திரம்தான் என்று நான் இடையில் புகுந்தேன்.

“பழசையே வாங்கித் தொலைங்க. என்னை மட்டும் அதுல எடுக்காதீங்க.”

அன்று மாலையே பால்கனியிலிருந்து முதல் படம். ஸ்டானிஸ்லாஸ் வேண்டுமென்றே ஃபோகஸைச் சற்றுக் கலைத்தார். நட்சத்திரம் இட்லி மாதிரி பரவினால்தான் வெளிச்சத்தைச் சரியாக அளக்கலாமாம். ஃபோகஸ்கூட இல்லாத கேமராவுக்கா இந்த ஆட்டம் என்று கெர்ட்ரூட் என்னிடம் கேட்டார்.

புதன் தொடங்கி மழை. சனி மாலையும் மேகம். நான் கீழே ஒரு பட்டுச் சேலையை உதறினேன். அந்தக் காற்றில் மேகம் ஷா ஆலம் பக்கம் ஒதுங்கியது. ஸ்டானிஸ்லாஸ் படம் எடுத்து, செவ்வாய்ப் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அன்று பக்கத்து நட்சத்திரத்தைவிட எட்டா தூக்கல். இன்று அதைவிடக் கம்மி.

கெர்ட்ரூட் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“நாளைக்கு இன்னும் இறங்குமா?”

“பார்த்தாதான் தெரியும்.”

“அப்போ தள்ளுங்க,” என்று கேமரா முன் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

பால்கனி இப்போது கெர்ட்ரூட் கையில். ஆர்க்கிட் தொட்டிகள் என் கடை வாசலில். ஸ்டானிஸ்லாஸ் தண்ணீர் ஊற்றுகிறார். ஒரு செடி முதல் மாடிவரை வளர்ந்து, எட்டா எப்படியிருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறது.