சித்தப்பா போட்ட பூட்டு

டயர்க் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடக்கிறது எங்கள் சாம்ராஜ்யம். முதலாளி என் சித்தப்பா. நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளை மருத்துவமனைகளுக்கு விற்கிறார். அதை எழுதுவது, திருத்துவது, அதற்காகத் திட்டு வாங்குவது எல்லாம் நான்.

திடீரென்று ஒரு நாள் சித்தப்பாவுக்கு ஞானம் பிறந்தது. ஒரு தடவை வாங்கியவர்கள் காலமெல்லாம் ஓசியில் ஓட்டுகிறார்களாம். இனி வருஷத்துக்கு ஒரு சாவி எண்; புதுப்பிக்காவிட்டால் எதுவும் திறக்காது. பழைய பதிவுகளைப் பார்க்க மட்டுமாவது விடலாமே, அவை அவர்களுடையவைதானே என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பூட்டுன்னா பூட்டுதான். ஜன்னல் வெச்ச பூட்டை எங்கயாவது பாத்திருக்கியா?"

கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி ஏமாற்றுவார்கள் என்று அதற்கும் ஒரு பொறி வைக்கச் சொன்னார். தள்ளினால் திரை சிவந்து, 'திருட்டு முயற்சி பிடிபட்டது' என்று காட்டும். வாசகம் அவருடையது, எனக்கு அவ்வளவு இலக்கியம் வராது. சாவி எண் தயாரிக்கும் நிரலைத் தன் மடிக்கணினியில் வைத்து, கடவுச்சொல் போட்டு, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அண்ணன் மகளைக்கூட நம்பாத மனிதர். என்ன பாசம்!

முதலில் மாட்டியவர் எங்கள் பல் டாக்டர். உறவில் ஒரு சாவு, வெளியூரில் இருக்கிறேன், வந்ததும் புதுப்பிக்கிறேன் என்று கெஞ்சினார். ஒரு நாள்கூட அவகாசம் தரமுடியாது என்றுவிட்டார் சித்தப்பா.

டாக்டர் ஊர் திரும்பிய அன்றைக்கே சித்தப்பாவின் கடைவாய்ப் பல் கணக்குத் தீர்க்கக் கிளம்பியது. வேறு வழியில்லாமல் அவரிடமே போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து சித்தி போன் செய்தாள். போன தடவை போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் சித்தப்பாவுக்கு மூச்சு முட்டியதாம். எந்த மருந்து என்பது பதிவில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஊசி போடமாட்டேன், ஊசி போடாமல் பல்லில் கை வைக்கமாட்டேன் என்கிறாராம் டாக்டர்.

"வலி வேகத்துல, தேதியைப் பின்னால தள்ளிப் பாருங்கன்னு உங்க சித்தப்பாவேதான் ஐடியா குடுத்தாரு. இப்ப செவப்பா என்னமோ திருட்டுன்னு வருது."

சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பின்னால் அவர் முனகுவது கேட்டபோது பாவமாகத்தான் இருந்தது. புது எண் வேண்டுமென்றால் அவரே வந்துதான் ஆகவேண்டும் என்றேன்.

வந்தார். கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கூடவே சித்தி. கடவுச்சொல்லை நான் பார்த்துவிடக் கூடாதே என்று, கன்னத்தைத் தாங்கியிருந்த கையை எடுத்து விசைப்பலகையை மறைத்தார். வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"அம்மாடி, பழசைப் பாக்க மட்டும் விடுற மாதிரி மாத்திடு." வாய் பாதிதான் திறந்தது. "அந்த டாக்டருக்கு மட்டும்."

சித்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன், மத்த ஆஸ்பத்திரில படுத்துக் கெடக்கறவங்களுக்கெல்லாம் வலிக்காதா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறக்கவேண்டும். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் சேர்த்தே மாற்றி எழுத உட்கார்ந்தேன்.