இறங்கும் வழி

மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனால்கூட நட்டநடுவில் நிற்கிறவள் அந்தத் தையல்காரி. நகரத்துக்கு நடுவே நின்ற பழைய கல் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததுமே, தான் கீழேயே இருப்பதாகச் சொல்லிவிட்டாள். பேருந்து ஓட்டும் அவள் புருஷனுக்கு இதெல்லாம் அலுக்காத வேடிக்கை.

"உங்கம்மா சரியான பயந்தாங்கொள்ளி. நீ என் சிங்கக்குட்டிதானே? வா, ஊரையே பாத்துட்டு வரலாம்" என்று ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார். சிங்கக்குட்டி ஒரு தடவை திரும்பி அம்மாவைப் பார்த்தது.

ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு, இறங்குவதற்கு வேறொன்று. இறங்கும் வழியின் வாசலிலேயே அவள் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவர் மட்டும் வந்தார்.

"பாப்பா எங்க?"

"எனக்கு முன்னாடியே வந்துட்டாளே! 'நான் முன்னாடி போறேம்ப்பா'ன்னு சொன்னா."

"இங்க வரலைங்க. நான் இந்த வாசலத்தான் பாத்துட்டே இருக்கேன்."

"நீ கண்ண மூடிட்டு உக்காந்திருப்ப. உன்னத் தெரியாதா?" முகம் வெளுத்துப்போயும் மனுஷனுக்கு வாய் குறையவில்லை. வண்டிகள் பறக்கிற தெருவைப் பார்த்து ஓடினார்.

அவள் கண்ணை மூடவே இல்லை. அப்படியென்றால் பிள்ளை இன்னும் மேலேதான் இருக்கிறாள். இல்லையென்றால்... அதற்குமேல் அவள் நினைக்கவில்லை. எழுந்து அந்தப் படியிலேயே ஏறத் தொடங்கினாள்.

"ஏம்மா, இது இறங்குற வழி!" என்று எதிரே வந்த ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று கத்தினார். அவள் காதில் விழவில்லை. சன்னல் வந்த இடங்களில் காற்று மூஞ்சியில் அறைந்தது. அங்கெல்லாம் குனிந்து, கையை ஊன்றித் தவழ்ந்தாள்.

உச்சியில் ஒரு ஈ காக்கை இல்லை. தூண்கள்மேல் ஒரு கூரை, சுற்றிலும் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். அதற்கு அப்பால் பார்த்தே ஆகவேண்டும். அவள் முழங்காலில் நகர்ந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்தாள்.

தெருவில் கூட்டம் எதுவும் கூடவில்லை. பொத்தான் அளவில் ஒரு ஆள் மட்டும் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அது அவள் புருஷன்தான்.

உடம்பெல்லாம் வேர்வையில் தொப்பலாக நனைந்து திரும்பியபோது, கூரையைத் தாங்கிய தூணுக்குப் பின்னால் மஞ்சள் சுருக்கு ஒன்று தெரிந்தது. போன வாரம் அவளே தைத்த கவுன். பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தது.

"என் கண்ணே! ஏம்மா இறங்கல?"

"கீழ பாத்தேன். காலு வரல."

"அப்பாகிட்ட சொல்லக்கூடாதா?"

"சிரிப்பாரே."

அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. புருஷன்மேல் வந்த கோபத்தில் பாதிப் பயம் எங்கேயோ போனது. மீதிப் பயத்தோடு பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள்.

கடைசிப் படிக்கு அவர்கள் வந்தபோது அவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். இருவரையும் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு இரைக்கும் சத்தத்திலேயே பிள்ளைக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பயப்படலப்பா" என்றது அவசரமாக, மூடிய கண்ணை இன்னும் திறக்காமலே.